நடுவழியில் இறங்குகிறவள்

அத்தியாயம் பதினான்கு

காலையிலிருந்து கடைக்குள் வருகிற ஒவ்வொருவரும் வாசலில் ஒரு கணம் குருடாகி நின்றார்கள். வெளியே அப்படி ஒரு மூடுபனி, உள்ளே ஹீட்டர் சூடு. கதவைத் திறந்து கால் வைத்ததும் மூக்குக்கண்ணாடியில் வெள்ளையாகப் படிந்துவிடும். கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்ட பிறகுதான் கவுண்டருக்குப் பின்னால் பெரியவள் உட்கார்ந்திருப்பது அவர்கள் கண்ணுக்குத் தெரியும்.

“சட்டையில துடைக்காதீங்க, கீறல் விழும்,” என்று அவள் துணியை நீட்டுவாள். இந்தக் கண்ணாடிக் கடையில் சேர்ந்த நாளிலிருந்து சொல்லிவரும் வாக்கியம். வாய் தானாகச் சொல்லிவிடும். இன்றைக்கு வாய் மட்டும்தான் அங்கே இருந்தது. கண் ஜன்னலில் இருந்தது. எதிர்ச்சாரிச் சலவைக்கடையின் பலகையைக் காணோம். பலகை என்ன, கடையையே காணோம்.

இந்தப் பனியில் விமானம் எப்படி இறங்கும்?

இன்றுதான் இந்தக் கதைக்குள் நுழைகிறவர்களுக்காக, நடந்ததைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பெரியவளுக்கு இருப்பது ஒரே தங்கை, சின்னவள். அவளைக் கட்டியவன் வீடுகளுக்கும் கடைகளுக்கும் கேமரா பொருத்துகிற தொழில்காரன். தன் வீட்டிலும் பொருத்தினான். முதலில் வாசலில், பிறகு கூடத்தில், கடைசியில் சமையலறையில். இன்றைக்கு யாரோடு பேசினாய், ஜன்னலை எதற்குத் திறந்தாய் என்று சாயங்காலம் வந்து கேட்பான். பதில் பிடிக்கவில்லை என்றால் கை பேசும். ஒருநாள் காதோரம் ரத்தம் வழிய வெளியேறிய சின்னவள், அட்லாண்டிக் கடலைத் தாண்டிப் போய்ப் பள்ளித் தோழி வீட்டில் ஒண்டிக்கொண்டாள். அந்தத் தேசத்தில் தங்க அவளுக்குக் கொடுத்த அனுமதி இந்த வாரத்தோடு முடிகிறது. திரும்பி வந்தாக வேண்டும். வருவதற்கு அக்கா வீட்டை விட்டால் வேறு போக்கிடம் இல்லை.

நேராக வரும் விமானத்தின் விலையைப் பார்த்தபோது பெரியவளுக்குத் தலை சுற்றியது. அப்போதுதான் அவள் வீட்டுக்காரர் களத்தில் இறங்கினார். ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்கிற மனிதர். எதையும் பாதி விலைக்கு வாங்காவிட்டால் தூக்கம் வராது. சின்னவள் அவருக்கு வைத்த பெயர் சல்லிசு அத்தான். நாளடைவில் தெருவே அவரைச் சல்லிசு என்றுதான் கூப்பிட்டது.

அவர் கண்டுபிடித்தது இது. இந்த ஊரோடு முடிகிற டிக்கெட்டைவிட, இந்த ஊரில் வேறு விமானம் மாறி அடுத்த ஊர்வரை போகிற டிக்கெட் மலிவு. ஏன் என்று விமானக் கம்பெனிக்கே வெளிச்சம். நீளமான டிக்கெட்டை வாங்கிக்கொண்டு நடுவில் இறங்கிவிடுவது. மிச்ச தூரத்துக்குக் காலி சீட்டு பறக்கட்டும். பெட்டியை மட்டும் உள்ளே போடக்கூடாது, அது கடைசி ஊருக்குப் போய்விடும். கைப்பை போதும்.

ஒரே ஒரு கோளாறு. இருப்பதிலேயே மலிவான டிக்கெட்டில் அந்தக் கடைசி ஊர், கேமராக்காரன் குடியிருக்கிற ஊர்.

பெரியவள் அதற்காகப் போன வாரம் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். “டிக்கெட்ல இருக்கிற பேரு கடிக்கவா போகுது?” என்றார் சல்லிசு. கடைசியில் அவளும் சரி என்றாள். அதுவரைக்கும்தான் பார்த்திருந்தோம்.

கதவு திறந்தது. சல்லிசு உள்ளே வந்தார். வேலைக்குப் போடுகிற நீலச் சட்டை, இடுப்பில் ஸ்பேனர் பை. கண்ணாடி வெள்ளையாகிவிட்டிருந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை. அப்படியே கவுண்டரைத் தடவிக்கொண்டு வந்தார்.

“போனை எடுக்க மாட்டியா?”

“ஒருத்தருக்கு அளவு எடுத்துட்டிருந்தேன். என்னாச்சு? இறங்கிடுச்சா?”

“இறங்கிடுச்சு. இங்க இல்ல.”

பெரியவள் கையிலிருந்த அளவுகோலைக் கீழே வைத்தாள்.

“பனியில ஏர்போர்ட்ட மூடிட்டாங்க. மேலயே சுத்திட்டு இருந்துச்சாம். எண்ணெய் பத்தாதுன்னு பக்கத்துல எங்க வானம் வெளுத்திருக்கோ அங்க அனுப்பிட்டாங்க.”

“எங்க?”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அந்தக் கண்களைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது.

“அந்த ஊர்லயா?”

“ம்.”

பின்பக்க அறையில் லென்ஸ் தேய்க்கும் மெஷின் கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தது. அவரை அங்கே இழுத்துக்கொண்டு போனாள். சத்தத்தில் பேச்சு வெளியே கேட்காது.

“சரி, பதறாதீங்க,” என்றாள். அதைத் தனக்கே சொல்லிக்கொண்டாள். “அவ்வளவு பெரிய ஊரு. இவ வர்றது அவனுக்கு எப்படித் தெரியும்? ஏர்போர்ட்டுக்குள்ளயே ஒரு மூலையில உக்காந்துக்கட்டும். நாம போய்க் கூட்டிட்டு வந்துடுவோம். அரை நாள் ஓட்டம்தானே?”

சல்லிசு நின்றுகொண்டே இருந்தார்.

“ஏங்க. வேற என்ன?”

போனை எடுத்துக் காட்டினார். விமானக் கம்பெனியின் அறிவிப்பு. அன்புள்ள பயணியே, தங்கள் விமானம் மாற்றுத் தளத்தில் இறங்கியுள்ளது, அதுவே தங்கள் இறுதி ஊர் என்பதால் தாங்கள் அங்கேயே வெளியேறலாம் என்று இருந்தது. அதற்குக் கீழே பொடி எழுத்தில், இந்தச் செய்தி அனுப்பப்பட்ட எண்கள் என்று போட்டு இரண்டு எண்கள். முதல் எண் சல்லிசுவுடையது. இரண்டாவது எண்ணில் கடைசி இலக்கங்கள் மட்டும் தெரிந்தன, மற்றவை நட்சத்திரக் குறிகள்.

அந்தக் கடைசி இலக்கங்கள் பெரியவளுக்குத் தெரியும். தன் போனில் அவளே தடுத்து வைத்த எண்.

“இது எப்படி வந்துச்சு?”

“பாயிண்ட்டு,” என்றார் அவர். குரல் கம்மிப்போயிருந்தது. “அதே கம்பெனியில அவ பேர்ல ஒரு மெம்பர் கணக்கு இருந்துச்சு. கல்யாணமான புதுசுல ரெண்டு பேருக்கும் டிக்கெட் போட்டுக் கொடுத்தது நான்தானே. அந்த நம்பர் என்கிட்டயே கிடந்துச்சு. முன்னாடி பறந்ததுக்குக் கம்பெனி போட்ட பாயிண்ட் கொஞ்சம் மிச்சம் இருந்துச்சும்மா. வீணாத்தானே போகுதுன்னு அதையும் சேத்துப் போட்டேன். விலை இன்னும் இறங்குச்சு.”

“அந்தக் கணக்குல அவன் போன் நம்பரா?”

“அன்னிக்கு அவன் நம்பரத்தான் கொடுத்தாங்க. எனக்கு ஞாபகமே இல்ல. போட்டப்ப வெறும் என் ஈமெயிலுக்குத்தான் வந்துச்சு. அவசரத் தகவல்னா இதுக்கும் போகும்னு நான் என்னத்தக் கண்டேன்.”

மெஷின் நின்றது. தேய்ந்து முடிந்த லென்ஸ் ஒன்று தண்ணீர் சொட்டச் சொட்டப் பிடியில் நின்றிருந்தது. பெரியவள் அதை எடுத்து, துடைத்து, தட்டில் வைத்தாள். ஏன் அதைச் செய்தாள் என்று அவளுக்கே தெரியாது.

கத்துவாள் என்று அவர் எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் தேவலை.

“வேன் எங்க நிக்குது?” என்றாள்.

முதலாளியம்மாவிடம் வீட்டில் அவசரம் என்று மட்டும் சொல்லிவிட்டு, மேலங்கியைக் கூட மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

வேன் போன மாதம் வாங்கியது. வெள்ளை நிறம். கடையைக் கட்டிக்கொண்டு போன ஒரு ரொட்டிக்கடைக்காரரிடம் சல்லிசாக அடித்தது. ஊரைத் தாண்டிப் பெரிய சாலையில் ஏறும்வரை இருவரும் பேசவில்லை. முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கு மட்டும் பனிக்குள் மிதந்துகொண்டே போனது. பின்னால் காலி வாயு சிலிண்டர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு வந்தன.

சின்னவளைக் கூப்பிட வழி இல்லை. அந்தக் கரையின் சிம் இந்தக் கரையில் வேலை செய்யாது. இறங்கியதும் ஏர்போர்ட் வைஃபையில் பேசுவதாகச் சொல்லியிருந்தாள். பெரியவள் அனுப்பிய செய்தியெல்லாம் ஒற்றை டிக்கோடு அப்படியே நின்றது. வெளியே வராதே. யார் கூப்பிட்டாலும் வராதே. குட்டி, இதைப் பார்த்தியா.

விமானக் கம்பெனிக்குப் போட்டாள். தங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று ஒரு பெண் குரல் சொல்லிவிட்டுப் பாட்டுப் போட்டது. மறுபடி அதே குரல், மறுபடி அதே பாட்டு. அவள் அதை வெட்டிவிட்டு அந்த ஊர் விமான நிலையத்தின் விசாரணை எண்ணைத் தேடிப் பிடித்தாள்.

“விசாரணைப் பிரிவு, சொல்லுங்க.” நடுவயதுப் பெண் குரல். பின்னணியில் கூட்ட இரைச்சல்.

“திசைமாத்தி விட்ட விமானம் ஒண்ணு அங்க இறங்கியிருக்குல்ல. அதுல என் தங்கச்சி இருக்கா.”

“பயணிங்க விவரம் நாங்க வெளியில சொல்றதில்லம்மா. கம்பெனியத்தான் கேக்கணும்.”

“நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். நான் சொல்றேன், கேட்டுக்குங்க. அது போதும்.”

சொல்ல வாய் எடுத்தவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இந்த விஷயத்தை அவள் வெளியாள் ஒருவரிடம் இதுவரை சொன்னதில்லை. கேட்டவர்களிடமெல்லாம் தங்கை மேல்படிப்புக்குப் போயிருக்கிறாள் என்று பூசி மெழுகி வைத்திருந்தாள். முதல் தடவை சின்னவள் வீங்கிய உதட்டோடு வீடியோவில் வந்தபோது, “கோவக்காரர்தான், நீதான் கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும்,” என்று சொன்ன வாயும் இதே வாய்தான்.

“அம்மா, லைன்ல இருக்கீங்களா?”

“அவ வீட்டுக்காரரு அவள அடிப்பாரு,” என்றாள் பெரியவள். மரியாதை விகுதி அப்போதும் நாக்கை விட்டுப் போகவில்லை. “தப்பிச்சுத்தான் போனா. இப்ப அவரு அந்த ஊர்லதான் இருக்காரு. இவ இறங்கினது அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. வாசலுக்கு வந்திருப்பாரு. இவ வெளிய வந்துடக் கூடாது.”

அந்தப் பக்கம் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு அந்தப் பெண்ணின் குரல் வந்தது. அலுவலகக் குரல் இல்லை.

“ஆளு எப்படி இருப்பாரு?”

“உயரம். முன்னால முடி ஏறியிருக்கும். கறுப்புல தடி பிரேம் கண்ணாடி. நான்தான் செஞ்சு கொடுத்தேன். இடது கண்ணுக்குப் பவர் கொஞ்சம் ஜாஸ்தி...” அது எதற்கும் உதவாது என்று உறைத்து நிறுத்திக்கொண்டாள்.

“கையில பூங்கொத்தா?”

கை பேசிய ஒவ்வொரு தடவைக்கும் மறுநாள் அவன் பூ வாங்கி வருவான் என்று சின்னவள் சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டதிலிருந்து பூக்கடைப் பக்கம் நடக்கவே பெரியவளுக்குப் பிடிக்காது.

“ஆமா,” என்றாள்.

“வெளிவாசல் கதவுக்கு நேரா நிக்கிறாரு. ரொம்ப அமைதியா.” ஒரு கணம் நின்று, “நான் உள்ள ஒரு வார்த்தை சொல்லிப் பாக்கறேன். நீங்க போனை வைங்க. லைனப் பிடிச்சு வச்சா எனக்கு வேலை ஓடாது,” என்றாள்.

வைத்துவிட்டாள். வைத்த கை போனை விட்டு வரவில்லை.

“என்ன சொன்னாங்க?” என்றார் சல்லிசு.

“நிக்கிறான்.”

வேன் வேகம் கூடியது. “மெதுவா,” என்றாள் அவள். “நாம போய்ச் சேரணும்.”

பனி கொஞ்சம் கிழிந்து சாலையோரத்து வேலிக்கம்பிகள் தெரிய ஆரம்பித்தபோது போன் அடித்தது. தெரியாத எண். சின்னவள்தான், யாரிடமாவது வாங்கிக் கூப்பிடுகிறாள் என்று பாய்ந்து எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

“குட்டி?”

“நான்தாங்க்கா,” என்றது ஆண் குரல். “நல்லா இருக்கீங்களா? அத்தான் சௌக்கியமா?”

எத்தனையோ மாதம் கழித்துக் கேட்கிற குரல். கொஞ்சமும் மாறவில்லை. சாமான் வாங்கப் போன கடையில் எதிர்ப்பட்டு விசாரிக்கிற தொனி.

சல்லிசு சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை மட்டும் ஆட்டினார். பேசு என்கிறாரா, பேசாதே என்கிறாரா என்று அவளுக்குப் புரியவில்லை.

“நல்லா இருக்கோம்,” என்றாள்.

“என் பொண்டாட்டி வர்றாளாமே. எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? கம்பெனிக்காரன் சொல்லித்தான் தெரியுது. சரி, வந்தவளக் கூட்டிட்டுப் போலாம்னு நிக்கிறேன். இந்த ஊருக்கு டிக்கெட் போட்டவங்க எல்லாரும் வெளிய வந்துட்டாங்க. இவளக் காணோம்.”

காணோம். அந்த ஒரு சொல்லில் பெரியவளுக்கு மூச்சு திரும்பியது. வெளியே வரவில்லை. இன்னும் உள்ளேதான் இருக்கிறாள். இவனைப் பேச்சில் பிடித்து வைக்க வேண்டும், அல்லது அங்கிருந்து அனுப்பிவிட வேண்டும். வாடிக்கையாளரிடம் பிரேம் முகத்துக்குப் பொருந்துகிறது என்று சொல்வாளே, அந்தக் குரலை வரவழைத்துக்கொண்டாள்.

“அவ வரலைங்க. டிக்கெட் போட்டது நெசம்தான். கடைசி நேரத்துல வேணாம்னுட்டா. அங்கயே இருந்துக்கறாளாம். நீங்க வீணா நிக்காதீங்க.”

“அப்படியா.”

“ஆமாங்க.”

“அப்ப எதுக்குக்கா இவ்வளவு அவசரமா ஓட்டிட்டு வர்றீங்க? சத்தம் கேக்குதே.” சின்னதாகச் சிரித்தான். “அத்தான்கிட்ட சொல்லுங்க, அந்த வெள்ளை வேனுக்கு இந்த வேகம் ஆகாது. பழைய வண்டி.”

இணைப்பு அறுந்தது.

பெரியவள் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தாள். வேன் வாங்கியது போன மாதம். அவனோடு பேச்சுவார்த்தை அறுந்து எவ்வளவு காலம் ஆகிறது. வேனைப் பற்றி அவனுக்கு யார் சொன்னார்கள் என்ற கேள்வியை இருவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டுவிட்டால் அது வேனுக்குள் உட்கார்ந்துகொள்ளும் போலிருந்தது.

அதற்குப் பிறகு வந்த நேரத்தைப் பற்றிப் பெரியவள் பின்னால் யாரிடமும் பேசியதில்லை. உள்ளே இருக்கிறாள் என்றால் எங்கே? கழிப்பறையில் ஒளிந்திருக்கிறாளா? எவ்வளவு நேரம் ஒளிவாள்? அவன் பேச்சு எல்லாரிடமும் எடுபடும். என் மனைவிக்கு உடம்பு சரியில்லை, மனசு சரியில்லை, நான் உள்ளே போய் அழைத்து வருகிறேன் என்று பூங்கொத்தோடு கேட்டால் எந்தக் காவலாளி மாட்டேன் என்பான்?

போன் மறுபடி அடித்தது. மறுபடி தெரியாத எண். இந்தத் தடவை எடுத்தாள், வாயைத் திறக்கவில்லை.

“அக்கா.” கிசுகிசுத்த குரல். “அக்கா, நான்தான்.”

“எங்கடி இருக்க?”

“விமானத்துலயே இருக்கேன். இறங்கவே இல்ல. பனி விலகிடுச்சாம், திரும்ப உங்க ஊருக்குக் கிளப்பறாங்க. கதவ மூடிட்டாங்க. இது பணிப்பெண்ணோட போன். அணைக்கச் சொல்றதுக்குள்ள பேசிடறேன்.”

பெரியவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

“ஜன்னல் வழியா அந்த ஊர்ப் பேரப் பாத்தேங்க்கா. கால் மரத்துப்போச்சு. இந்தப் பொண்ணு வந்து, உங்க டிக்கெட் இந்த ஊரோடதான், நீங்க இறங்கலாம், உங்களுக்கு அதிர்ஷ்டம்னா. நான் பெல்ட்டக் கழட்டல. இறங்க மாட்டேன்னேன். இறங்கித்தான் ஆகணும், அதுதான் ரூல்னு பெரிய ஆபீசர் ஒருத்தர் வந்தாரு. ஏன்னு கேட்டாரு. எனக்கு வாயே வரல. கைப்பிடியப் புடிச்சுக்கிட்டு மாட்டேன் மாட்டேன்னு மட்டும் சொல்லிட்டே இருந்தேன். அப்புறம் கீழேருந்து யாரோ அவருக்குப் பேசினாங்க. அவரு முகம் மாறிப்போச்சு. இந்தப் பொண்ணு என் பக்கத்து சீட்டுல வந்து உக்காந்துக்கிட்டா. உங்க அக்கா போன் பண்ணிச் சொல்லியிருக்காங்க, நீங்க எங்கயும் இறங்க வேணாம்னா.” மூச்சு வாங்கியது. “உனக்கு எப்படிக்கா தெரிஞ்சுது? அவரு வெளிய நிக்கிறாரா?”

“வந்ததும் சொல்றேன். உக்காந்த எடத்துலயே உக்காந்திரு.”

“வைக்கச் சொல்றாங்க.”

வைத்துவிட்டாள். சல்லிசு வேனை ஓரம் கட்டினார். நெற்றியை ஸ்டியரிங்கின் மேல் வைத்துக்கொண்டார்.

“பாயிண்ட்டு வீணாப் போகுதேன்னு பாத்தேன்,” என்றார். “வேற ஒண்ணும் நெனைக்கலம்மா. அவளுக்கு ஒண்ணு ஆகியிருந்தா...”

அவள் அவர் முதுகில் கையை வைத்தாள். ஆறுதல் சொல்ல அவளுக்கு இன்னும் மனசு வரவில்லை. கையை எடுக்கவும் மனசு வரவில்லை.

“அழறத அப்புறம் வச்சுக்கலாம். வண்டியைத் திருப்புங்க. அவனும் இந்நேரம் கிளம்பியிருப்பான்.”

அவர்கள் ஊர் விமான நிலையத்தில் கூட்டம் நெரிந்தது. காலையிலிருந்து தேங்கி நின்ற விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. ஆட்கள் வெளியே வரும் கண்ணாடிக் கதவுக்கு எதிரே பெரியவள் தடுப்புக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வருகிற முகங்களைவிட, பக்கத்தில் நிற்கிற முகங்களைத்தான் அதிகம் பார்த்தாள். கறுப்பு பிரேம் போட்ட யாரைக் கண்டாலும் நெஞ்சு அடித்துக்கொண்டது. அவன் இங்கே வந்து சேர்ந்திருக்க முடியாது என்று புத்திக்குத் தெரியும். நெஞ்சுக்கு அது எட்டவில்லை.

சின்னவள் வந்தாள். ஒரு கைப்பை, குளிருக்குப் பற்றாத மெல்லிய கோட்டு. பாதியாக இளைத்திருந்தாள். கதவைத் தாண்டியதும் முதலில் அக்காவைத் தேடவில்லை. தலையை உயர்த்திக் கூரையைப் பார்த்தாள். கேமரா எங்கெங்கே இருக்கிறது என்று பார்த்து, அதற்கு முகம் காட்டாமல் சுவரோரமாக நடந்து வந்தாள்.

பெரியவளுக்கு அதைப் பார்த்தபோதுதான் அழுகை வந்தது.

கட்டிக்கொண்டார்கள். சின்னவளின் காதுக்குக் கீழே தையல் போட்ட தழும்பு கன்னத்தில் உரசியது.

“அத்தான்,” என்றாள் சின்னவள், அக்காவின் தோளில் முகத்தை வைத்தபடியே. “ஒரு டிக்கெட்ல ரெண்டு ஏர்போர்ட்டு. உங்களால மட்டும்தான் முடியும்.”

சல்லிசு சிரிக்கவில்லை. வேனில் ஏறி உட்கார்ந்ததும், சாவியைத் திருகாமல், பின்னால் திரும்பி எல்லாவற்றையும் சொன்னார். மெம்பர் கணக்கு, பாயிண்ட், அவனுக்குப் போன செய்தி, எதையும் குறைக்கவில்லை. பெரியவள் குறுக்கே பேசவில்லை.

சின்னவள் மடியிலிருந்த கைப்பையை இறக்கிக் காலடியில் வைத்தாள்.

“அந்தக் கணக்கு எனக்கே மறந்துபோச்சு,” என்றாள். “உங்களத் திட்டணும்போலத்தான் இருக்கு அத்தான். ஆனா நீங்க தேடலன்னா நான் வந்திருக்கவே முடியாது. நாளைக்குத் திட்டறேன்.”

“திட்டு,” என்றார் அவர். “நாளைக்கு வேலைக்கு லீவு போட்டுட்டு உக்காந்து கேக்கறேன்.”

வண்டி கிளம்பியது. வீட்டுக்குத் திரும்பும் முக்கில் அவர் இண்டிகேட்டர் விளக்கைப் போடப் போனபோது சின்னவள் அவர் தோளைத் தொட்டாள்.

“வீட்டுக்கு வேணாம்.”

“பின்ன?” என்றாள் பெரியவள்.

“உங்க வீடு அவருக்குத் தெரியும். முதல்ல போலீஸ் ஸ்டேஷனுக்குப் போங்க.”

“இப்பவேவா? குளிச்சு, சாப்பிட்டு, கொஞ்சம் படுத்து எந்திரிச்சு...”

“அக்கா.” குரல் உயரவில்லை. “விமானத்துல அந்த ஆபீசர் கேட்டப்ப எனக்கு வாய் வரல. யாரோ முகம் தெரியாத ஒருத்தி எனக்காகச் சொல்ல வேண்டியதாப் போச்சு. இப்ப வாய் வருது. குளிச்சுட்டு வந்தா வருமான்னு தெரியல.”

சல்லிசு விளக்கை எதிர்ப்பக்கம் போட்டார்.

ஸ்டேஷனில் தடித்த கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு காவலர் உட்கார்ந்திருந்தார். பேசுவதற்குக் கண்ணாடியில் சின்ன ஓட்டைகள். எதிர்ச் சுவரோரம் வரிசையாக இரும்பு நாற்காலிகள். யாரோ சிந்திய காப்பியைத் துடைக்காமல் விட்டிருந்தார்கள்.

“யாருக்கு என்ன பிரச்சினை?” என்றார் காவலர்.

சின்னவளுக்காக எப்போதும் பதில் சொல்லிப் பழகிய பெரியவளின் வாய் தானாகத் திறந்தது. திறந்ததை மூடிக்கொண்டாள்.

“எனக்குத்தான்,” என்றாள் சின்னவள். முடியை ஒதுக்கிக் காதோரத் தழும்பைக் காட்டினாள். “இதுலேருந்து ஆரம்பிக்கறேன்.”

காவலர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். சின்னவள் பேச ஆரம்பித்தாள். முதல் வாக்கியம் திக்கியது, இரண்டாவதும் திக்கியது. மூன்றாவது ஒரே சீராக வந்தது. சல்லிசு சுவரோரம் போய் உட்கார்ந்து, கைகளை முழங்காலுக்கு நடுவில் கோத்துக்கொண்டார்.

பெரியவளின் கையில் போன் அதிர்ந்தது. கீழ்வீட்டில் குடியிருக்கும் தையற்காரம்மாவின் செய்தி. நல்ல மனுஷி. இவர்கள் வீட்டின் மாற்றுச்சாவி அவரிடம்தான் இருக்கும்.

“உங்களத் தேடி ஒரு அம்மா வந்திருக்காங்க. சொந்தமாம். மாடிப்படியில ரொம்ப நேரமா உக்காந்திருக்காங்க. தங்கச்சி வந்தாச்சான்னு கேக்கிறாங்க.”

பெரியவள் அதை மறுபடி படித்தாள். கேமராக்காரனுக்கு அம்மா இல்லை, அக்கா தங்கை என்று யாரும் இல்லை. அவன் வண்டியை எவ்வளவு மிதித்தாலும் இந்நேரம் பாதி வழிதான் வந்திருப்பான். அவனை விட்டால், சின்னவள் இன்று வருகிறாள் என்று தெரிந்த ஆட்கள் இந்த மூன்று பேரும் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற தோழியும்தான்.

வெள்ளை வேன் என்று அவன் சொன்னது காதுக்குள் ஓடியது. இந்த ஊரில் அவனுக்கு ஆள் இருக்கிறது.

வேண்டாம், கதவைத் திறக்காதீங்க என்று அடிக்க ஆரம்பித்தாள். விரல் எழுத்துகளைத் தப்புத் தப்பாகத் தொட்டது. அடித்து முடிப்பதற்குள் அடுத்த செய்தி வந்துவிட்டது.

“குளிர்ல பாவமா இருந்துச்சு. உங்க வீட்டத் திறந்து உள்ள உக்கார வச்சுட்டேன்.”

சின்னவளின் குரல் கண்ணாடி ஓட்டைகளின் வழியே போய்க்கொண்டிருந்தது. சமையலறையில் கேமரா வைத்த நாளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில் நிறுத்த மனசில்லாமல் பெரியவள் அவள் பக்கத்தில் போய் நின்றாள். அவள் மூச்சு எடுக்கிற வரைக்கும் பொறுத்தாள். பிறகு போனைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்து, செய்தி காவலருக்குத் தெரியும்படி காட்டினாள்.

“இதையும் எழுதிக்குங்க,” என்றாள். “அவன் எங்க வீட்டுக்குள்ள யாரையோ அனுப்பியிருக்கான்.”